எங்கள் ஊர் வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் சமுதாய வானொலி நிலையத்தில் எட்டு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். டீக்கடை, வாரச்சந்தை, ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை என்று எங்கே போனாலும், நான் மைக்கை நீட்டுவதற்கு முன்னால் என்னிடம் கேள்வி வந்துவிடும். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தருகிறேன்.

"சமுதாய வானொலின்னா என்ன? அதுவும் எஃப்எம் தானே?"

எஃப்எம்தான். உங்கள் செட்டில் மற்ற எஃப்எம் நிலையங்கள் வரும் அதே வரிசையில்தான் இதுவும் வரும். பெரும்பாலும் 90.4, 90.8, 107.8 போன்ற எண்களில் இருக்கும். யார் நடத்துகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஆகாசவாணி அரசுடையது. தனியார் எஃப்எம்கள் அலைவரிசையை ஏலத்தில் எடுத்து வியாபாரமாக நடத்துபவை. சமுதாய வானொலியை லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு தன் சுற்றுவட்டார மக்களுக்காக, அந்த மக்களை வைத்தே நடத்துகிறது.

நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது அந்த வட்டார மக்களின் பங்கேற்போடு உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்று அரசு விதி சொல்கிறது. என்னைக் கேட்டால், இருக்கிற விதிகளில் இதுதான் தலையாயது. வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றி நிகழ்ச்சி என்றால், கொடிக்காலில் இறங்கி வேலை பார்க்கிறவர் பேச வேண்டும்.

"மதுரைக்குப் பஸ் ஏறினா பாதி வழிகூடப் போகல, அதுக்குள்ள கரகரன்னு ஆயிடுதே. மெஷின்ல கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லை. எங்கள் டிரான்ஸ்மிட்டரின் திறன் 50 வாட். ஆண்டெனா அலையைக் குவித்து அனுப்புவதால் கூடுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அது 100 வாட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு ஆகும் சக்திதான் அது. கோபுரமும் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் என்பதால், சமவெளியில் பத்து கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். குன்றோ உயரமான கட்டடமோ குறுக்கே இருந்தால் அதற்குள்ளேயே மங்கிவிடும்.

இப்படிச் சின்ன வட்டத்துக்குள் நிற்பதால்தான் அடுத்த மாவட்டத்திலும் இதே எண்ணில் வேறொரு நிலையம் இயங்க முடிகிறது. எனக்கு இந்த எல்லை பிடித்தும் இருக்கிறது. "கீழத்தெரு டிரான்ஸ்பார்மர் பக்கத்துல" என்று சொன்னால் கேட்கிற எல்லோருக்கும் இடம் தெரியும், விளக்கவே வேண்டியதில்லை.

"இது எப்ப வந்துச்சு? சின்ன வயசுல கேள்விப்பட்டதே இல்லையே?"

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வானலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுரிமை ஆகிவிடக் கூடாது என்பது அதன் சாரம். அப்புறமும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அந்த வழியில் 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4-ல் அண்ணா எஃப்எம் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். 2006 இறுதியில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி விட்டார்கள்.

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் இருக்கும் சங்கம் ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வராது. தலித் பெண்கள் நடத்தும் நிலையம் அது. 1990-களின் கடைசியிலேயே ஸ்டுடியோ தயாராகிவிட்டது, ஆனால் அனுமதி இல்லை. பதிவு செய்ததை கேசட்டில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் காட்டினார்கள். ஏறக்குறைய பத்து வருடம் அப்படிக் காத்திருந்த பிறகு, 2008 அக்டோபர் 15-ல்தான் அவர்கள் குரல் காற்றில் ஏறியது. இன்று நாடு முழுவதும் சுமார் 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன.

"நான் ஒரு நிலையம் ஆரம்பிக்கணும்னா முடியுமா?"

தனி ஆளாக முடியாது. பதிவு பெற்ற சங்கம், அறக்கட்டளை, கல்வி நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையம் போன்றவைதான் விண்ணப்பிக்கலாம். தொண்டு அமைப்பு என்றால் பதிவாகிக் குறைந்தது மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்தப் பகுதியில் சேவை செய்த தடமும் வேண்டும். அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் துணை அமைப்புகளுக்கும் லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கும் அனுமதி கிடையாது. பல அமைச்சகங்களின் ஒப்புதலைக் கடந்து வர வேண்டும் என்பதால் காலம் பிடிக்கும். 2024-ல் வந்த திருத்திய விதிகளின்படி உரிமம் முதலில் பத்து வருடத்துக்குக் கிடைக்கும்.

ஆர்வம் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: முதலில் பக்கத்தில் இருக்கும் நிலையத்தில் ஆறு மாதம் வேலை பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் வாங்க எப்படியாவது பணம் புரட்டிவிடலாம். தினமும் காலை ஆறு மணிக்குப் புதிதாக ஒரு நிகழ்ச்சி தர ஆள் வேண்டுமே!

"நியூஸ் போடுவீங்களா சார்?"

சொந்தமாகச் செய்தி தயாரித்துப் படிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்புச் செய்யலாம். இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. ஊர்ச் செய்தியைச் சொல்ல ஊர் வானொலியைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? ஆனாலும் விதி இருக்கிறவரைக்கும் அதற்குள் நின்றுதான் வேலை செய்ய வேண்டும்.

செய்தியாகக் கருதப்படாதவை என்று விதியே ஒரு பட்டியல் தருகிறது. உள்ளூர் விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு, இயற்கைச் சீற்றம், உள்ளூர் நிர்வாகம் தரும் சுகாதார எச்சரிக்கை எல்லாம் அதில் வரும். ஒரு சிற்றூரின் அன்றாடத்தில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று முதல் நாள் இரவே சொன்னால், மாவு மில்காரரும் தையல் கடைக்காரரும் வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

"அப்ப எங்க பிரச்சினையப் பேசவே முடியாதா? எங்க தெருவுல மூணு மாசமா ஒழுங்கா தண்ணி வரல."

பேசலாம். இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவின் தெருவையே உதாரணமாகச் சொல்கிறேன். அங்கே எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது, யார் முழித்துக் காத்திருக்கிறார்கள் என்று ஏழு பெண்களிடம் பதிவு செய்தோம். பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தமும் குழாய் காற்றை மட்டும் துப்பும் சத்தமும் அந்தப் பதிவில் இருந்தன. அடுத்து மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் போனோம். மோட்டார் காயில் எரிந்து, இரவல் மோட்டாரில் ஓட்டிக்கொண்டிருப்பதை அவர் சொன்னார். கடைசியாக அலுவலகத்துக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் பெண்கள் பேசியதைப் போட்டுக் காட்டிவிட்டுப் பதில் கேட்டோம். புது மோட்டார் வரும் தேதியை அவர் மைக்கிலேயே சொன்னார்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்து இருபது நிமிட நிகழ்ச்சியாக ஒலிபரப்பினோம். எங்கள் கருத்தாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அந்தத் தேதியில் மோட்டார் வரவில்லை. அடுத்த வாரம் அவர் சொன்ன தேதியை அவர் குரலிலேயே மறுபடி போட்டோம். நான்கு நாளில் மோட்டார் வந்தது. எல்லாப் பிரச்சினையும் இப்படித் தீர்ந்துவிடாது. பேருந்து நிலையக் கழிப்பறைக்காக ஐந்து நிகழ்ச்சி செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அதை விடப்போவதும் இல்லை.

"எனக்குப் பேசத் தெரியாதுப்பா. மைக்கப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும். என்னைய ஏன் கூப்பிடுற?"

இதை அதிகம் கேட்பது வயதான பெண்கள்தான். அவர்களிடம்தான் சொல்வதற்கும் அதிகம் இருக்கும். புளி உடைத்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை நானும் உட்கார்ந்து கூடவே கொட்டை எடுத்தேன். அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு ரெக்கார்டரைப் புளிப் பெட்டியின் விளிம்பில் வைத்தேன். கை வேலையில் இருந்ததால் குரல் தன்போக்கில் வந்தது. புளிக்கு விலை போகாத வருடங்கள், மரத்துக்குக் குத்தகை பேசுவது, நாற்று நடும்போது பாடிய பாட்டு என்று நாற்பது நிமிடம் ஓடியது. நடுநடுவே புளி தட்டும் 'டொக் டொக்' சத்தத்தை வெட்டாமல் அப்படியே விட்டோம்.

ஒலிபரப்பான அன்று அவர் வீட்டில் நானும் உட்கார்ந்து கேட்டேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது எங்க ஆத்தா குரல் மாதிரில்ல இருக்கு" என்றார். அவரவர் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்பது பலருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தன் குரலை முதல்முறையாகக் கேட்கிறார்.

புதிதாக மைக் பிடிப்பவர்களுக்கு: மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். முதல் கேள்வியாகக் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து ஒலி அளவைச் சரிசெய்துகொள்ளலாம், பேசுகிறவரின் பதற்றமும் தணியும்.

"ரேடியோவுல நம்ம ஊர்ப் பேச்சுல பேசலாமா? தப்பா நினைக்க மாட்டாங்களா?"

பேசலாம், பேச வேண்டும். 'மடை', 'கலுங்கு', 'வாமடை' என்று சொல்கிறவரை 'நீர் வெளியேறும் வழி' என்று சொல்ல வைத்தால் நம்மிடம் இருக்கிற சொல்லைத்தான் இழப்போம். யாரையும் இழிவு செய்யும் சொல்லை மட்டும் அனுமதிப்பதில்லை.

"சினிமாப் பாட்டு ஏன் அதிகம் போடறதில்ல?"

பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், உரிமத் தொகை கட்ட வேண்டும். எங்கள் வரவுக்கு அது கட்டுப்படியாகாது. பாதி நிகழ்ச்சி உள்ளூரிலிருந்து வர வேண்டும் என்று மேலே சொன்ன விதியும் இருக்கிறது. அந்த நேரத்தை ஒப்பாரி, கும்மி, நையாண்டி மேளம், பள்ளிப் பிள்ளைகள் பாடுவது இவற்றுக்குக் கொடுக்கிறோம். சினிமாப் பாட்டுக் கேட்கப் பத்து இடம் இருக்கிறது. நம் ஊர்க் கும்மிக்கு வேறு இடம் இல்லை.

"எல்லாரு கையிலயும் யூடியூப் இருக்கு. யாருங்க இப்ப ரேடியோ கேக்கறா?"

நெல் அறுக்கிறவர், பீடி சுற்றுகிறவர், தறி ஓட்டுகிறவர், கடையில் தனியாக இருக்கிறவர் என்று கையும் கண்ணும் வேலையில் இருக்கிற எல்லோரும் கேட்கிறார்கள். வீடியோவுக்குக் கண்ணைக் கொடுக்க வேண்டும், ரேடியோவுக்குக் காது போதும். பட்டன் போனில் வயர் இயர்போனைச் செருகினால் அந்த வயரே ஆண்டெனா ஆகிவிடும், டேட்டா செலவு கிடையாது. இப்போது வரும் பல ஸ்மார்ட்போன்களில் எஃப்எம் இல்லை என்பது உண்மையிலேயே எங்களுக்குப் பெரிய அடி. அந்த வசதியை எடுக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசு கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

வெள்ளத்திலும் புயலிலும் செல்போன் கோபுரம் செத்துப்போகும்போது இதன் அருமை தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூரில் 107.8-ல் பேரிடர் கால வானொலி தற்காலிகமாக இயங்கியது. சுனாமி தாக்கிய நாகப்பட்டினம் கரையில், விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி நடக்கிறது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காக ஒலிக்கிறது. காற்று, அலை, கடல் நிலை எல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு.

இணையத்தை எதிரியாக நினைக்கவும் தேவையில்லை. இலங்கையில் கொத்மலை சமுதாய வானொலி 1989-லேயே தொடங்கியது. பத்து வருடம் கழித்து, இணையம் யார் வீட்டிலும் இல்லாத காலத்தில், நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி ஒலிபரப்பில் விளக்கினார்கள். நாங்கள் இன்று வாட்ஸ்அப்பில் வரும் பொய்ச் செய்தியை எடுத்துவைத்துக்கொண்டு அதையேதான் செய்கிறோம்.

"காசு எங்கிருந்து வருது?"

பெரும்பங்கு நடத்தும் அறக்கட்டளையிலிருந்தும் சிறு நன்கொடைகளிலிருந்தும் வருகிறது. மற்றது விளம்பரம். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய் தருகிறார்கள், அதற்கு முன் 52 ரூபாயாக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். ஆனால் ஒருநாளும் நிரம்பியதில்லை. பல நாள் ஒரு அரசு விளம்பரம்கூட இருக்காது, வந்த விளம்பரத்துக்குப் பணமும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

தொடங்கிய நிலையங்கள் சில மௌனமாகிப் போவதற்கு இதுதான் காரணம். இடி விழுந்து டிரான்ஸ்மிட்டர் போனால் பழுது பார்க்க ஒரு வருட விளம்பர வரவு தேவைப்படும்.

"எங்க கடை விளம்பரம் போடுவீங்களா? எங்க தலைவர் பிறந்தநாள் வாழ்த்து?"

கடை விளம்பரம் தாராளமாகப் போடலாம். விலையை நிலையத்தில் கேளுங்கள், சின்னக் கடைக்கும் கட்டுப்படியாகும். தலைவர் வாழ்த்துக்கு வழியில்லை. எந்தக் கட்சிக்கும் இல்லை என்பதால் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒரு நிறுவனம் ஏற்று நடத்துவதும் கூடாது. மத்திய, மாநில அரசுகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

"அரசாங்க விளம்பரத்துல ஓடுறீங்க. அப்புறம் எப்படி அரசாங்கத்தக் கேள்வி கேப்பீங்க?"

சரியான கேள்வி. உரிமம் தருவதும் அரசு, விளம்பரம் தருவதும் அரசு என்கிறபோது, எந்த நிலையத்திலும் ஒரு தயக்கம் இருக்கும். எங்களிடமும் இருக்கிறது. இதைக் கொஞ்சமாவது சமாளிக்கத் தண்ணீர் நிகழ்ச்சியில் சொன்ன முறைதான் உதவுகிறது: பாதிக்கப்பட்டவர் பேச வேண்டும், பொறுப்பில் இருப்பவருக்கும் பேச இடம் தர வேண்டும், இரண்டையும் கேட்கிறவர் முடிவு செய்யட்டும். உள்ளூர்க் கடைகளும் நேயர்களும் கொடுக்கும் பணம் கூடக் கூட எங்கள் முதுகும் நிமிரும்.

"ஊர்ல யாரு பேசணும்னு நீங்கதானே முடிவு பண்றீங்க? எங்க தெருப் பக்கம் நீங்க வந்ததே கம்மி."

இதைக் கேட்டவர் ஊருக்கு வெளியே இருக்கும் காலனியைச் சேர்ந்தவர். அன்று இரவே பழைய ஒலிபரப்புப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. அந்த மாதம் பேசிய 46 பேரில் அவர்கள் தெருவிலிருந்து இரண்டே பேர். மெயின் ரோட்டைச் சுற்றியே நாங்கள் மைக் பிடித்திருந்தோம். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தெருவாரியாகக் கணக்கு எடுத்துச் சுவரில் ஒட்டுகிறோம். திருவிழாப் பதிவு என்றாலும் ஊர்க் கோயிலோடு நிறுத்தாமல் காலனி அம்மன் கொடைக்கும் அதே நேரம் கொடுக்கிறோம்.

ஆலோசனை சொல்லவும் நிகழ்ச்சிகளை முடிவு செய்யவும் நிலையத்துக்கு ஒரு குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் தெருவிலிருந்து அதில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் சண்டை போடுங்கள்.

"நான் பேசுனதுல பாதிய வெட்டிட்டீங்க. அர்த்தமே மாறிப்போச்சே?"

என் கையாலேயே அப்படி ஒரு தவறு நடந்திருக்கிறது. "உரம் போட்டா மகசூல் கூடும், ஆனா மண்ணு கெட்டுப்போகும்" என்று ஒரு விவசாயி சொன்னார். நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்று வெட்டும்போது பின்பாதி போய்விட்டது. மறுநாள் ஊரில் பலர் அவரிடம், "நீயே உரம் போடச் சொல்லிட்டியே" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நிகழ்ச்சியில் அவர் பேச்சை முழுதாகப் போட்டு, தவறு எங்களுடையது என்றும் சொன்னோம். இப்போது வெட்டிய பதிவைப் பேசியவருக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் ஒலிபரப்புகிறோம்.

உங்களைப் பற்றித் தவறாக ஏதாவது வந்துவிட்டால் உடனே வாருங்கள். ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. தேதியும் நேரமும் சொன்னால் எடுத்துப் போட்டுக் கேட்கலாம்.

"எங்க அம்மா ஒரு தடவ உங்க ரேடியோவுல பேசுனாங்க. இப்ப அவங்க இல்ல. அது கிடைக்குமா?"

மேலே சொன்ன மூன்று மாதம் விதிப்படியான கணக்கு. பாட்டு, பழைய கதை, தொழில் அனுபவம் இவற்றை நாங்கள் அதற்குப் பிறகும் ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறோம். எல்லாம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடப் பதிவுகளில் கொஞ்சம் டிஸ்க் பழுதில் போய்விட்டது. புளி அப்பத்தாவின் நாற்பது நிமிடம் இருக்கிறது. போன மாசியில் அவர் பேத்தி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அம்மா என்ன பேசினார், எந்த வருடம், வெயில் காலமா மழைக் காலமா, யார் பதிவு செய்தது என்று தெரிந்தவரை எழுதிக்கொண்டு ஒரு பென் டிரைவோடு வாருங்கள். பணம் கிடையாது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை ஒலிபரப்பு இல்லாத நேரம், உட்கார்ந்து தேடலாம். ஹெட்போன் இரண்டு இருக்கிறது. கூட ஒருவரை அழைத்து வந்தாலும் நல்லது.